வள்ளத்தில் வைத்த கால்

பெரியப்பாவின் முப்பதாம் நாள் பூசையில் எல்லோருக்கும் ஒரு நினைவு மடல் கொடுத்தார்கள். அதன் இரண்டாம் பக்கத்தில், ஐந்தாம் வரி இது: “2005 டிசம்பரில் குவைத் நாட்டில், வீட்டுப் பெண்பிள்ளை வள்ளத்தில் ஏறிய நாளில் நேர்ந்த விபத்தால் வேலையிழந்து ஊர் திரும்பினார்.”

அந்த வீட்டுப் பெண்பிள்ளை நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. கோயிலில் வைத்தே அந்த வரியை மூன்று முறை படித்தேன். அச்சுப் பிழை ஏதும் இல்லை. தவறு முழுவதும் கருத்தில்தான் இருந்தது.

குவைத்தின் ஃபஹாஹீலில் என்னோடு வளர்ந்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாமெல்லாம் முப்பதைத் தாண்டி, காதோரம் நரைத்து, ஏதேதோ நாடுகளில் இருக்கிறோம். ஊரில் இருப்பவர்களுக்கு இதை முதலிலிருந்து விளக்க வேண்டும். உங்களுக்கு வேண்டியதில்லை. வியாழனும் வெள்ளியும் விடுமுறையாக இருந்த காலம் அது. பூசைக்கு வெள்ளிக்கிழமை போவோம். மொட்டை மாடியில் நின்றால் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து தெரியும். காற்று திரும்பினால் அதன் நாற்றமும் வரும். டிசம்பர் கடைசியில் காலையில் ஸ்கூல் பஸ்சுக்கு நிற்கும்போது வாயிலிருந்து புகை விடுவோம், சிகரெட் பிடிப்பது போல இரண்டு விரலை வைத்துக்கொண்டு. வளைகுடா என்றாலே வெயில் என்று நினைப்பவர்கள் அந்தக் குளிரில் ஒரு நாள் கடலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

நாள்: 2005 டிசம்பர் 30, வெள்ளி. இதை நான் எப்படி அறிவேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா ஏ.சி. டெக்னீஷியன். குமரிக் கடற்கரையில் பிறந்தும் பதினெட்டு வயதில் ஐ.டி.ஐ. போனவர், அதன் பின் கடலில் தொழில் செய்ததில்லை. அம்மா நர்ஸ். பெரியப்பா அப்பாவுக்கு ஆறு வயது மூத்தவர், மீன்பிடி விசாவில் வந்தவர். அந்த விசாவை அலைந்து திரிந்து எடுத்துக் கொடுத்தது அப்பா. அண்ணன் தம்பிக்குள் யாருக்கு யார் மூத்தவர் என்பதை அந்த ஒரு காரியம் குழப்பிவிட்டது. ஊரில் பெரியப்பா உட்காரச் சொன்னால்தான் அப்பா உட்காருவார். குவைத்தில் எங்கள் வீட்டு சோபாவில் பெரியப்பா ஓரத்தில், விளிம்பில்தான் உட்காருவார்.

பெரியப்பாவின் கஃபீல், அதாவது விசா கொடுத்த அரபு முதலாளி, நல்ல மனிதர் என்றே கேள்வி. வெள்ளிக்கிழமைகளில் அவருடைய சிறிய ஃபைபர் வள்ளத்தைப் பெரியப்பா எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: இஞ்சினில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது. மீன்பிடி விசா இல்லாதவன் கடலில் இஞ்சின் ஓட்டிப் பிடிபட்டால் அவனுக்கும் ஆபத்து, படகுக்காரருக்கும் ஆபத்து.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் காலை டியூட்டி. கீழ்வீட்டு மலையாளி ஆன்ட்டி லீவில் ஊருக்குப் போயிருந்தார். என்னை விட்டுவிட்டுப் போக இடமில்லை. அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு துறைமுகத்துக்குப் போனார். பெரியப்பாவின் ரூமில் இருந்த ஒருவரிடம் என்னை ஒப்படைக்கலாம் என்று நினைத்தார். அவர் காலை முதல் இரவு வரை குரங்குக் குல்லாயைக் கழற்றவே மாட்டார். நான் அவரைக் குல்லா மாமா என்பேன்.

நான் அன்று அணிந்திருந்தவை: இரண்டு ஸ்வெட்டர், பள்ளிக் கறுப்பு ஷூ, இரண்டு ஜோடி சாக்ஸ், இரண்டுக்கும் நடுவே பக்காலாக் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பை. ஈரம் ஏறாமல் இருக்க அம்மா கண்டுபிடித்த வழி அது. நடந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும். ஃபிளாஸ்கில் சுலைமானி, பால் சேர்க்காத தேநீர். அன்றைய செய்தித்தாளில் சுற்றிய குபூஸ் ரொட்டியும் அவித்த முட்டையும்.

அந்தச் செய்தித்தாள் முக்கியம். தொழுகை நேரங்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டியில் கடல் ஏறும் நேரமும் வற்றும் நேரமும் போடுவார்கள். மற்றவர்கள் ஸ்டாம்ப் சேர்த்தபோது நான் அந்தப் பெட்டிகளை வெட்டி நோட்டில் ஒட்டினேன். தேதியோடும் மணியோடும் வருகிற எதையும் என்னால் குப்பையில் போட முடியாது, இன்றும் அப்படித்தான்.

துறையில் குல்லா மாமா என்னை ஏற்க மறுத்தார். அவருக்குத் துணி துவைக்க வேண்டும், சமைக்க வேண்டும், ரூமில் ஆறு ஆண்கள் தூங்குகிறார்கள். “பொம்பளப் பிள்ளைய இந்த ரூம்ல நான் எங்கன உக்கார வைக்க? நீங்களே சொல்லுங்க” என்றார்.

“அப்பொ வள்ளத்துல கொண்டு போறேன்” என்றார் அப்பா.

குல்லா மாமா பெரியப்பாவைப் பார்த்தார். “அண்ணே, வள்ளத்துல பொம்பள ஏறப்படாது. தெரியாத மாரி நிக்கியளே.”

“சின்னப் பிள்ள தானடே.”

“பன்னெண்டு வயசு. சின்னப் பிள்ளையா?”

எங்கள் கடற்கரையில் பெண்கள் மீனை விற்பார்கள், ஏலம் கூவுவார்கள், கருவாடு போடுவார்கள். வள்ளத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. வலையைத் தாண்டவும் கூடாது. தாண்டினால் அன்று மீன் படாது, அல்லது வேறேதும் நடக்கும். ஏன் என்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியாது. மூவரும் என்னை வைத்துக்கொண்டே என்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கால் மரத்துப் போயிற்று. படித்துறையில் கட்டியிருந்த வள்ளம் எனக்கு ஓரடி தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். எந்தக் காலை முதலில் வைத்தேன் என்று பிறகு பலமுறை விசாரணை நடந்தது. இடது கால். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

குல்லா மாமா சிலுவை அடையாளம் போட்டார். பெரியப்பா சிரித்துவிட்டார். “ஏறிட்டா. இனி எறக்கி விட்டா காலு ரெண்டு தடவ பட்டதா ஆயிரும். வா போலாம்.”

கடலின் மேல் குளிர் வேறு மாதிரி இருந்தது. கரையில் அது முகத்தில் அடிக்கும். இங்கே உட்கார்ந்த பலகை வழியாக ஏறியது. நங்கூரத்தின் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்வது போலிருந்தது. பெரியப்பா இரைக்கு வைத்திருந்த உறைந்த கணவாயைப் பல்லால் கடித்துப் பிரித்தார். தங்கூசி என்கிற நைலான் தூண்டில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு எனக்கும் ஒன்று தந்தார்.

நாங்கள் தேடிப் போனது ஹமூர் மீனை. ஊரில் அதைக் களவா என்போம். குளிர்காலத்தில் அது பாறைப் பொந்துக்குள் கிடக்கும். லேசில் இரைக்கு வராது. வந்தாலும் கடித்த நொடியில் பொந்துக்குள் ஓடிச் செவுளை விரித்து இறுக்கிக்கொள்ளும். அப்போது இழுத்தால் தங்கூசி அறும். கயிற்றைத் தளர்த்திவிட்டு, மறந்து போனவன் போல உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் போய்விட்டோமா என்று பார்க்க அது தலையை நீட்டும்; அப்போது இழுக்க வேண்டும். “நாம போயிட்டோம்னு அது நம்பணும்” என்றார் பெரியப்பா.

கடலுக்கடியில் கிடக்கும் பாறைத் திட்டைப் பார் என்போம். பெரியப்பாவுக்குத் தெரிந்த பார் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில், ஆழம் தொடங்கும் இடத்தில்தான் அவர் எப்போதும் வள்ளத்தை நிறுத்துவார். அப்பாவுக்கு அது போதவில்லை. மதியத்துக்குச் சற்று முன் நீர் நன்றாக ஏறி நின்ற நேரம். பாரின் மேல் ஆளுயரத்துக்குத் தண்ணீர்.

“நடுவுல போடுவோம் அண்ணே. பொந்து எல்லாம் அங்கதான்.”

“இஞ்ச வத்தம் நமக்க ஊரு மாரி இல்லடே. ரொம்ப எறங்கும்.”

“என்ன எறங்கும்? முழங்கால் அளவு எறங்கும். நானும் கடல் பாத்தவன்தான.”

ஊரில் அது உண்மை. குமரிக் கடலில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். கரையில் வளர்ந்தவன் அதை ஒரு பொருட்டாகவே எண்ணமாட்டான். வளைகுடாவில் அமாவாசையை ஒட்டிக் கடல் ஆளுயரம் இறங்கும். அப்பாவின் உடம்பில் இருந்தது ஊர்க் கடலின் கணக்கு. பத்தொன்பது ஆண்டுகள் குவைத்தில் இருந்தும் அவர் அந்தக் கடலைக் காரிலிருந்துதான் பார்த்திருந்தார்.

நான் முட்டையைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்துப் பெட்டியைப் படித்தேன். “அப்பா, லோ டைட் ஈவினிங் ஃபைவ் சம்திங். இப்பவே எறங்க ஸ்டார்ட் ஆயிடும்.”

“பேப்பர் பாத்தா கடலுக்குப் போவானுவ?”

பெரியப்பா என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பிறகு நங்கூரத்தை நடுப்பாரில் போட்டார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. விசா எடுத்துத் தந்தவனிடம் இரண்டாம் முறை எப்படிச் சொல்வது என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

மூன்று மணி போல, சற்றுத் தள்ளி ஒரு பாறை பாசியோடு தலைகாட்டியது. காட்டினேன். “தெரியுது, பேசாம இரி” என்றார் அப்பா. அந்த நேரத்தில்தான் என் கயிறு கனத்தது. என் கயிறு, இதையும் பதிவு செய்கிறேன். இழுத்தேன், அசையவில்லை. பெரியப்பா என் கையைத் தட்டினார். “விடு. தளத்து. போயிட்டோம்னு நம்பட்டும்.” கயிறு விரலை அறுத்துச் சிவந்திருந்தது. எண்ணிக்கொண்டே இருந்தேன், எழுபதில் அது நகர்ந்தது. மூவருமாக இழுத்தோம். பழுப்புப் புள்ளிகளோடு, என் இடுப்பு வரை நீளத்தில் ஒரு களவா. வாயைத் திறந்து மூடி என்னை ஏசுவது போலிருந்தது. அப்பா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் இல்லை.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அடியில் கரகரவென்று உரசியது.

பெரியப்பா துடுப்பை எடுத்தார், ஊன்றித் தள்ளுவதற்கு. அப்பா பின்னால் போனார். “நவரு அண்ணே, இஞ்சின் போட்டு ஒரே இழுப்புல எறக்கிரலாம்.”

“எடே, தொடாத. அடியில கல்லு.”

அப்பா கயிற்றை இழுத்தார். இஞ்சின் பிடித்தது. இட்லிப் பானைக்குள் கரண்டி விழுந்தது போல ஒரு சத்தம். பிறகு இஞ்சின் மட்டும் உறுமியது, வள்ளம் நகரவில்லை. தண்ணீருக்குள் சுற்றும் காற்றாடியின் இரண்டு இதழ் போய்விட்டது. மணி மூன்றேகால். அப்பாவின் கை இஞ்சின் பிடியில் இருந்தது. நான் இரண்டு முழத் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு கடல் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்தது. வடக்கிலிருந்து காற்று தொடங்கியது. தார்ப்பாயை மூவர் மேலும் போர்த்திக்கொண்டோம். சுலைமானி தீர்ந்தது. நான் அழுவேன் என்று பெரியப்பா பயந்திருக்க வேண்டும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, கணுக்கால் தண்ணீரில் வள்ளத்தைச் சுற்றி நடந்தார்.

“பாத்துக்க மக்கா. வேதத்துல இராயப்பரு கடல்ல நடந்தாரு, பாதியில முங்குனாரு. நான் முங்குனேனா?”

நானும் இறங்கினேன். கடலின் நடுவே, பள்ளி ஷூவோடு, ஒரு பாறை மேல் நின்றேன். தூரத்தில் ஆலையின் தீ. சுற்றிலும் கரை இல்லை. எனக்குப் பயமாக இல்லை என்பதை இவ்வளவு ஆண்டுகள் கழித்தும் ஒப்புக்கொள்ள வெட்கமில்லை. என் வாழ்வில் அதைவிடப் பெரிய இடத்தில் நான் நின்றதில்லை.

இருட்டும் நேரத்தில் நீர் திரும்பியது. வள்ளம் மறுபடி மிதந்த பிறகு எகிப்துக்காரர்களின் மீன்படகு ஒன்று எங்களைப் பார்த்துக் கயிறு கட்டி இழுத்துவந்தது. வானத்தில் நிலா இல்லை. துறைக்கு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. அங்கே கஃபீல் நின்றுகொண்டிருந்தார். பொழுது சாய்ந்தும் வள்ளம் வராததால் குல்லா மாமா பயந்துபோய் அவருக்குப் போன் செய்திருந்தார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் செத்துவிட்டோம் என்று நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

கஃபீல் டார்ச் அடித்து உடைந்த காற்றாடியைப் பார்த்தார். கத்தவில்லை. பாதி அரபு பாதி ஹிந்தியில் ஒன்றே ஒன்று கேட்டார். “இஞ்சின்ல கோன்?” யார் கையில் இருந்தது?

அப்பா தரையைப் பார்த்தார். அந்த நான்கைந்து நொடிகளில் அண்ணன் தம்பி இருவரில் ஒருவருடைய வேலை போவது தீர்மானமாக வேண்டியிருந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியும், கஃபீலுக்கும் தெரியும். நான் வாயைத் திறந்தேன். ‘மை ஃபாதர்’ என்ற இரண்டு சொல் நாக்கில் இருந்தன. பெரியப்பா மீன்பெட்டியிலிருந்து அந்தக் களவாவைத் தூக்கி என் இரண்டு கையிலும் திணித்தார். “புடி மக்கா. கீழ போட்டுராத.” ஐஸ் போல் குளிர்ந்து, வழுக்கி, என்னால் தூக்க முடியாத கனம். நான் அதைப் பிடிப்பதிலேயே இருந்தேன்.

“மேதான், பாபா” என்றார் பெரியப்பா. நான்தான்.

“கலாஸ்” என்றார் கஃபீல். முடிந்தது; பார் மேல் இஞ்சினை உடைத்தவனுக்கு இனி வேலை இல்லை. 

வீட்டில் அம்மா என் காலை வெந்நீரில் வைத்துத் தேய்த்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. அப்பாவைப் பார்க்காமலே கேட்டாள். “இஞ்சின் ஆருக்க கையில இருந்துச்சு?”

“அண்ணன் கையில.”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் வெந்நீரைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்தது. அடுத்த வாரம் குல்லா மாமா ஊருக்குப் போன் போட்டு, பிள்ளை ஏறின வள்ளம், அதான் பார் பிடித்துவிட்டது என்று சொன்னார். ஊரில் எல்லோருக்கும் அது வசதியாக இருந்தது. தம்பி அண்ணனின் வேலையைக் கெடுத்தான் என்பதைவிட ஒரு பெண்பிள்ளையின் கால் கெடுத்தது என்பது யாரையும் பிரிக்காது. அப்பா மறுக்கவில்லை. அம்மாவும் மறுக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு பழியைச் சுமந்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். நினைத்தது தவறு.

பிப்ரவரியில் பெரியப்பாவின் விசா ரத்தாகியது. போவதற்கு முந்தின நாள் சாப்பிட வந்தார். அன்று சோபாவின் நடுவில் உட்கார்ந்தார், கவனித்தேன். அந்தத் தங்கூசியை ஒரு பலகைத் துண்டில் சுற்றி எனக்குக் கொடுத்தார். “இனி வள்ளத்துல ஏறும்போ எடது காலு வலது காலுன்னு பாக்காண்டாம். வத்தத்தப் பாரு, கேட்டியா” என்றார். அப்பா கேட்கும்படிதான் சொன்னார். அந்தச் சுற்று 2011-இல் வீடு மாறியபோது தொலைந்தது. எந்தப் பெட்டியில் போட்டேன் என்பது தெரியும். பெட்டி எங்கே போனது என்பது தெரியாது.

இனி சான்றுகள். செய்தித்தாளிலிருந்து வெட்டிய அந்தக் கடல்நேரப் பெட்டி என் நோட்டில் இருக்கிறது. மணிக்குரிய எண் தெரிகிறது: மாலை 5. நிமிடத்தின் மேல் முட்டைக் கறை. தேதி அச்சிட்ட மூலை கிழிந்துபோனது. பக்கத்தில் ‘30-12-2005’ என்று நீல மையில் எழுதியிருப்பது என் கையெழுத்து. அன்றிரவே எழுதினேனா, பிறகு எழுதினேனா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நிலா இல்லாத வானம் நினைவிருக்கிறது. பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், டிசம்பர் 31 காலையில் அமாவாசை. அம்மாவின் டியூட்டியும் வெள்ளிக்கிழமையும் ஒத்துப் போகின்றன. அன்று கடல் இறங்கியது சந்திரனால். என் இடது காலுக்கு அவ்வளவு பலம் இருந்திருந்தால் நான் வேறு காரியங்களுக்குப் பயன்படுத்தியிருப்பேன்.

இதை உங்களுக்கு அனுப்புவதற்கு முன் ஊரில் இருக்கும் அப்பாவிடம் போனில் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டார். பிறகு, “நடந்தது நடந்துச்சு மக்கா. இப்ப எதுக்கு?” என்றார்.

“மடல்ல அச்சடிச்சிருக்கே அப்பா. நான் இருக்கேன்ல, அதுக்கு.”

பின்னாலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. “எழுதச் சொல்லுங்க.”

அப்பா போனை வைக்கவில்லை. “மூணேகால்னு போட்டிருக்க. மூணரை இருக்கும்” என்றார். திருத்தவா என்று கேட்டதும் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த மூணரைதான் இருபது ஆண்டுகளில் அவர் தந்த ஒரே வாக்குமூலம். மூன்றேகால் என்றே விட்டிருக்கிறேன். அவர் சொன்னதையும் இங்கே சேர்த்துவிட்டேன்.

மடலை எழுதியது பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன். அந்த ஐந்தாம் வரியை நீக்கச் சொன்னேன். “நான் சொந்தமா எழுதுனதா? அப்பா கடைசி மாசம் ஆசுபத்திரியில கெடந்து சொன்னத எழுதுனேன்” என்றான். கூட யார் இருந்தார்கள் என்று கேட்டேன். யாரும் இல்லை. எந்த நாள் என்று கேட்டேன். நினைவில்லை.

ஆகவே, பெரியப்பா அந்த வரியைச் சொன்னாரா என்பது உறுதி செய்யப்படவில்லை. சொல்லியிருந்தால், அதை நம்பிச் சொன்னாரா, கடைசி வரைக்கும் தம்பிக்காகச் சொன்னாரா என்பதும் உறுதி செய்யப்படவில்லை.